முதல் நாள் சொன்ன பதில் கடைசி வரை வரும்: இங்கிலாந்தில் என் அசைலம் கேஸ்

2018 தொடக்கத்தில் இங்கிலாந்தில் அகதித் தஞ்சம் கேட்டேன். 2019இல் மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்து, வென்று, கையில் அகதி அந்தஸ்து வந்தபோது 2020 முடிந்துகொண்டிருந்தது. என் மகன் நடக்கப் பழகியது, கதைக்கப் பழகியது, முன்பள்ளிக்குப் போனது எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தேன். அந்த நாட்களில் எனக்கு ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருந்தார்கள். இந்தக் கேஸ் எப்படி நகரும், எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் அது பிறகு எப்படித் திரும்பி வரும் என்று விளங்கப்படுத்தத்தான் ஒருவரும் இருக்கவில்லை. இனிமேல் கேஸ் கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. சட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. எனக்குத் தெரிந்த மாற்றங்களை அந்தந்த இடத்தில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் கிளிநொச்சி மாவட்டத்துக்காரன். வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கம் ஆள் சேர்த்த கடைசிக் காலத்தில் என்னையும் கொண்டுபோனார்கள். 2009 மே மாதம் ஓமந்தையில் இராணுவத்திடம் பெயர் கொடுத்துச் சரணடைந்தேன். புனர்வாழ்வு முகாமில் இருந்து 2011இல் விடுவித்தார்கள். பிறகு கலியாணம் முடித்து, மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். 2016 மார்ச் கடைசியில் சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டில் தற்கொலை அங்கி எடுபட்டது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு வடக்கில் முன்னாள் போராளிகளைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். அந்த வரிசையில் என்னையும் கொண்டுபோனார்கள். உள்ளே என்ன நடந்தது என்று இங்கே விரித்து எழுதப் போவதில்லை. முதுகிலும் தொடையிலும் தழும்புகள் இருக்கின்றன. மாமா காசு கொடுத்து என்னை வெளியே எடுத்தார். காணியை விற்று, மனைவியின் நகையை விற்று, முப்பத்தெட்டு இலட்சம் ரூபாய் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் கொடுத்து நாட்டை விட்டு வந்தேன்.

அந்த ஏஜென்சிக்காரர் காசோடு சேர்த்து ஒரு கதையும் தந்தார். எந்த வழியாக வந்தது என்று கேட்டால் இப்படிச் சொல், எந்த இயக்கப் பிரிவில் இருந்தாய் என்று கேட்டால் இப்படிச் சொல், வந்து ஆறு மாதம் பொறுத்துக் கேஸ் கொடு, பாஸ்போர்ட்டைக் கிழித்துப் போடு. இதை நம்பி நாசமாய்ப் போனவர்களை நான் பிறகு நேரில் சந்தித்தேன். இங்கே 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 8ஆவது பிரிவின்படி, பயண ஆவணத்தைக் காரணமில்லாமல் அழிப்பது, பொய் ஆவணத்தை உண்மை என்று காட்டுவது, கேஸ் கொடுக்க வாய்ப்பிருந்தும் கைதாகும் வரை கொடுக்காமல் இருப்பது போன்றவை எல்லாம் உங்கள் வார்த்தையின் நம்பகத்தைக் குறைப்பதாக எடுத்துக்கொள்ளப்படும். லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்த ஒன்றுவிட்ட அண்ணை, 'உனக்கு நடந்ததே போதும், வேறு கதை ஒன்றும் வேண்டாம்' என்று சொல்லிக் கையோடு குரொய்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்காக அவரை இன்றைக்கும் கும்பிடுகிறேன். ஏஜென்சி தரும் கதை இன்னும் பலருக்கும் கொடுத்த அதே கதை. நேர்காணல் செய்யும் அதிகாரி அதைப் பலமுறை கேட்டிருப்பார். உங்களுக்கு நடந்தது மட்டும்தான் எத்தனை தரம் கேட்டாலும் உங்களுக்குத் திரும்பச் சொல்ல வரும்.

நாட்டுக்குள் வந்த பிறகு கேஸ் கொடுப்பவர்கள் குரொய்டனில் உள்ள லூனார் ஹவுஸ் என்ற ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) கட்டடத்துக்குப் போக வேண்டும். அங்கே கைரேகையும் படமும் எடுப்பார்கள். பிறகு ஸ்கிரீனிங் என்ற முதல் நேர்காணல். பெயர், குடும்பம், வந்த வழி, நோய் நொடி, முன்பு கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, கடைசியில் ஏன் திரும்பிப் போக முடியாது என்று ஒரு கேள்வி. 'சுருக்கமாகச் சொன்னால் போதும், விபரமாகப் பிறகு கேட்பார்கள்' என்று சொல்வார்கள். நானும் சுருக்கமாகத்தான் சொன்னேன். இயக்கத்தில் இருந்தது, புனர்வாழ்வு, பிறகும் பிரச்சினை. அவ்வளவுதான். 2016 கைதை அந்தப் 'பிரச்சினை' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டார்கள். தேதி கேட்டபோது அந்த அங்கி எடுபட்ட நேரம் என்றேன். தாளில் மார்ச் என்று விழுந்தது. என்னைப் பிடித்தது சித்திரை வருடப்பிறப்பு கழிந்த பிறகு, அதாவது ஏப்ரலில். அந்த ஒரு மாத வித்தியாசம் பிறகு என்ன பாடுபடுத்தியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

இந்த இடத்தில் சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகச் சொல்லச் சொன்னாலும், உங்களுக்கு நடந்த முக்கியமான சம்பவங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனமாவது சொல்லுங்கள். இரண்டு தரம் பிடித்தார்கள் என்றால் இரண்டு தரம் என்று சொல்லுங்கள். அடித்தார்கள், சூடு வைத்தார்கள், வேறு கொடுமை செய்தார்கள் என்றால் 'சித்திரவதை நடந்தது, விபரத்தைப் பிறகு சொல்கிறேன்' என்றாவது பதியச் செய்யுங்கள். எங்கள் ஆட்களுக்குத் தேதி நினைவில் நிற்பதில்லை. பொங்கலுக்கு முன், மாமாவின் ஆண்டுத் திவசத்துக்குப் பின், மகள் பிறந்த மாதம் என்றுதான் நினைவிருக்கும். அப்படியே சொல்லுங்கள். சரியான தேதி தெரியாது, இந்தச் சம்பவத்தை ஒட்டி நடந்தது என்று சொன்னால் அதில் ஒரு குற்றமும் இல்லை. தெரியாத தேதியைத் துணிந்து சொல்வதுதான் வினை. முடிந்ததும் நேர்காணல் பதிவின் பிரதியைத் தருவார்கள். அன்றைக்கே தமிழ் தெரிந்த யாரிடமாவது கொடுத்து வரி வரியாக வாசித்துக் கேளுங்கள். பிழை இருந்தால் உடனே சட்டத்தரணி மூலம் எழுத்தில் திருத்தம் அனுப்புங்கள். ஒரு வருடம் கழித்துச் சொல்லும் திருத்தத்துக்கும் அந்தக் கிழமையே அனுப்பும் திருத்தத்துக்கும் மதிப்பு வேறு.

கேஸ் கொடுத்தவருக்கு இடமும் காசும் இல்லை என்றால் அரசு உதவி கேட்கலாம். ஆனால் எந்த ஊரில் இருப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. என்னை வடகிழக்கு இங்கிலாந்தில் உள்ள மிடில்ஸ்பரோவுக்கு அனுப்பினார்கள். ஒரு வீட்டில் எரித்திரியர், ஈரானியர், சூடானியர், நான். ஒரு தமிழ் முகம் இல்லை. அப்போது வாரத்துக்கு 37.75 பவுண் ஒரு அட்டையில் போடுவார்கள். 2024இல் அது 49.18 பவுண் ஆனது, சாப்பாடு தரும் ஹோட்டலில் இருப்பவர்களுக்கு அதைவிட மிகக் குறைவு. சாப்பாடு, உடுப்பு, போன், பஸ் எல்லாம் அதற்குள்தான். வேலை செய்ய அனுமதி இல்லை. உங்கள் பிழையில்லாமல் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் முடிவு தாமதமானால் அனுமதி கேட்கலாம், அதுவும் என் காலத்தில் ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களின் பட்டியலில் இருந்த வேலைக்குத்தான். உறவினர் வீட்டில் தங்க முடியுமானால் வீடு வேண்டாம், காசு மட்டும் தாருங்கள் என்று விண்ணப்பிக்கலாம். எனக்கு இது தெரிந்திருந்தால் அண்ணையோடு ஈஸ்ட்ஹாமில் இருந்திருப்பேன். அந்தத் தனிமையில் வந்த நோய்க்கு இன்றும் மருந்து எடுக்கிறேன். வைத்தியம் இலவசம். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பக்கத்திலுள்ள ஜிபி என்ற குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளுங்கள். நித்திரை வராததையும், கெட்ட கனவையும், தழும்பையும் அவரிடம் சொல்லுங்கள். அந்த மருத்துவக் குறிப்பு பிறகு கேஸில் சாட்சியாக நிற்கும்.

இனி காசு போன கதை. லண்டனில் எங்கள் ஆள் ஒருவர், சட்டத்தரணி இல்லை, ஆனால் சட்டத்தரணி போலக் கதைப்பவர், 'ஸ்டேட்மென்ட் (கேஸுக்கான வாக்குமூலம்) நான் எழுதித் தருகிறேன்' என்று 1,400 பவுண் வாங்கினார். அதை அண்ணை வட்டிக்கு எடுத்துக் கொடுத்தார். வந்த ஸ்டேட்மென்ட் மூன்று பக்கம். அதில் என் ஊர்ப் பெயரே பிழை. இன்னொருவருடைய கதையின் ஒரு பந்தி அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நல்லவேளையாக அதை அனுப்பும் முன் கண்டுபிடித்தோம். காசு திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது தெரியாதது என்னவென்றால், கையில் காசில்லாத தஞ்சக் கோரிக்கையாளருக்கு அரசு செலவில் சட்ட உதவி உண்டு, லீகல் எய்ட் என்பார்கள். ஒரு பவுண்கூடக் கொடுக்கத் தேவையில்லை. குடிவரவு ஆலோசனை சொல்ல, சொலிசிட்டர்கள் தங்கள் ஒழுங்காற்று அமைப்பின் கீழ் இருக்க வேண்டும், மற்ற ஆலோசகர்கள் அதற்கான அரச ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் ஆலோசனை கொடுப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு பதிவேட்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். யாருக்காவது காசு கொடுக்கும் முன் பெயரைத் தட்டிப் பாருங்கள். கோயிலில் பழக்கம், ஊரில் தெரிந்தவர் என்பதெல்லாம் பதிவுக்குச் சமமில்லை.

பெரிய நேர்காணல் அடுத்த வருடம்தான் வந்தது, லீட்ஸில். காலை தொடங்கி மாலை வரை போனது. இந்த நேர்காணலுக்குப் போகாமல் விட்டால் கேஸை நீங்களே கைவிட்டதாக எடுத்துவிடுவார்கள். சுகமில்லை என்றால் முன்கூட்டியே மருத்துவக் கடிதத்துடன் அறிவிக்க வேண்டும். ரயில் டிக்கெட்டுக்குக் காசில்லை என்றால் கேட்டு வாங்கலாம். கேள்விகள் ஒழுங்காக வராது. 2016இல் நிற்கும்போது திடீரென்று 2009க்குப் போவார்கள், முகாமின் அறை எத்தனை அடி, யன்னல் எந்தப் பக்கம், யார் காசு கொடுத்தது, எவ்வளவு, எங்கே வைத்து என்று கேட்பார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒரு தமிழ்ப் பெண், என் அக்காவின் வயது இருக்கும். மரியாதையாக, நன்றாக மொழிபெயர்த்தார். ஆனால் உள்ளே எனக்குச் செய்ததில் ஒரு பகுதி இருக்கிறது. அதை அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அடித்ததைச் சொன்னேன், சூடு வைத்த தழும்பைச் சொன்னேன். மற்றதை விழுங்கிவிட்டேன். நேர்காணல் செய்பவரும் மொழிபெயர்ப்பாளரும் உங்கள் பாலினத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். பெண்கள்தான் கேட்கலாம் என்றில்லை, ஆண்களும் கேட்கலாம். தயவு செய்து கேளுங்கள். எங்கள் ஆண்களில் எத்தனையோ பேர் இதைச் சொல்லாமலே கேஸைத் தோற்றிருக்கிறார்கள், எனக்கு அது நிச்சயம்.

அதே போல இலங்கைத் தமிழ் விளங்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். விளங்கவில்லை என்றால் நடுவில் நிறுத்திச் சொல்லுங்கள், அதுவும் பதிவாகும். நேர்காணலை ஒலிப்பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். முடிந்த பிறகு ஐந்து வேலை நாளுக்குள் திருத்தங்களையும் மேலதிக விபரங்களையும் அனுப்பலாம் என்பது வழக்கம். எனக்கு அந்த நேரத்தில் ஒழுங்கான சட்டத்தரணி இல்லாததால் அந்த ஐந்து நாளும் சும்மா போனது.

மறுப்புக் கடிதம் வந்தபோது அதன் பந்திகளை ஒவ்வொன்றாக அகராதி வைத்து வாசித்தேன். நான் இயக்கத்தில் இருந்ததையும் புனர்வாழ்வையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 2016 கைதை ஏற்கவில்லை. காரணம் ஒன்று: முதல் நாள் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. காரணம் இரண்டு: அங்கே மார்ச், இங்கே ஏப்ரல். காரணம் மூன்று: தேடப்படும் ஆள் சொந்தப் பாஸ்போர்ட்டில் கட்டுநாயக்கா விமான நிலையத்தால் எப்படி வெளியே வர முடியும். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தைவிட வெட்கம்தான் கூட. இவ்வளவும் பட்ட மனுசனைப் பொய்க்காரன் என்று தாளில் எழுதிவிட்டார்களே என்ற வெட்கம். மனைவிக்கு மூன்று நாள் போன் எடுக்கவில்லை. அந்த மனநிலையில் கிடந்து நாளை வீணாக்கக் கூடாது, ஏனென்றால் முடிவு அனுப்பிய நாளிலிருந்து பதினாலு நாளுக்குள் மேன்முறையீடு போட்டாக வேண்டும். பலர் இருக்கும் வீட்டில் கடிதங்கள் தவறும். ஒவ்வொரு நாளும் தபாலைப் பாருங்கள், உறையைத் திகதி முத்திரையோடு வைத்திருங்கள், முகவரி மாறினால் அன்றே எழுத்தில் அறிவியுங்கள். அரசு உதவியிலோ லீகல் எய்டிலோ இருப்பவர் மேன்முறையீட்டுக்குக் கட்டணம் கட்டத் தேவையில்லை.

இன்னொரு விஷயம். இலங்கைத் தமிழன் என்ற ஒரு காரணத்துக்காக இப்போது யாருக்கும் தஞ்சம் கிடைப்பதில்லை. 2013இல் குடிவரவு வழக்குகளை விசாரிக்கும் மேல் தீர்ப்பாயம் ஒரு வழிகாட்டித் தீர்ப்பு கொடுத்தது. போர் முடிந்த பிறகு இலங்கை அரசு யாரைக் குறி வைக்கிறது என்று அதில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். பிரிவினையை மீண்டும் கிளப்பக்கூடியவர் என்று கருதப்படுபவர், பத்திரிகையாளர், மனித உரிமைச் செயற்பாட்டாளர், பிடியாணை இருப்பதால் விமான நிலையத் தடுப்புப் பட்டியலில் பெயர் உள்ளவர் என்று போகும். 2021இல் வந்த இன்னொரு தீர்ப்பு, வெளிநாட்டில் செய்யும் அரசியல் வேலைகளை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறது. உங்கள் வாழ்க்கையில் நடந்தது இந்த வகைகளில் எதற்குள் வருகிறது என்பதைச் சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். கேஸின் முதுகெலும்பே அதுதான். என்னுடைய காலத்தில் முழுக் கதைக்கும் தாழ்ந்த அளவு நிரூபணம், அதாவது நியாயமான சாத்தியம் இருக்கிறது என்று காட்டினால் போதும். 2022 ஜூன் 28க்குப் பிறகு கொடுத்த கேஸ்களில், உங்களுக்கு உண்மையில் பயம் இருக்கிறது என்பதை இல்லை என்பதைவிட ஆம் என்பதே கூடுதல் சாத்தியம் என்ற அளவுக்குக் காட்ட வேண்டும். திரும்பிப் போனால் ஆபத்து என்பதற்குத்தான் பழைய தாழ்ந்த அளவு. அதனால் இப்போது ஆவணம் இன்னும் முக்கியம்.

மிடில்ஸ்பரோவில் அகதிகளுக்கு உதவும் தேவாலயம் ஒன்றில் தேநீர் குடிக்கப் போன இடத்தில்தான் எனக்கு நல்ல சட்டத்தரணி கிடைத்தார். முதலில் போன அலுவலகம், வெல்லும் வாய்ப்பு ஐம்பது வீதத்துக்குக் கீழ், லீகல் எய்டில் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பியிருந்தது. அப்படிச் சொன்னால் சிடபிள்யூ 4 என்ற படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த முடிவை லீகல் எய்ட் நிறுவனமே மறுபரிசீலனை செய்ய அது வழி. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. புதிய சட்டத்தரணி முதலில் செய்தது, ஹோம் ஒஃபிஸில் இருக்கும் என் கோப்பு முழுவதையும் கேட்டு எடுத்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குக் கட்டணம் இல்லை. அதில் என் ஸ்கிரீனிங் பதிவின் ஓரத்தில் அதிகாரியின் கையெழுத்தில், விபரம் பிறகு சொல்வதாகக் கூறினார் என்று ஒரு குறிப்பு இருந்தது. எனக்குத் தந்த பிரதியில் அந்த ஓரம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அந்த ஒரு வரி என் கேஸைத் தூக்கி நிறுத்தியது.

அவர் இரண்டாவதாகச் செய்தது, என்னை ஒரு மருத்துவரிடம் அனுப்பியது. சித்திரவதைக் காயங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுத ஐநாவின் இஸ்தான்புல் நெறிமுறை என்று ஒன்று உண்டு. தழும்பு நீங்கள் சொல்லும் காரணத்தோடு பொருந்தவில்லை என்பதிலிருந்து, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அதற்கே உரிய தோற்றம், வேறு எதனாலும் வந்திருக்க முடியாது என்பது வரை தரம் பிரிப்பார்கள். ஃபிரீடம் ஃப்ரம் டார்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளும் சுயாதீன மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். லீகல் எய்டில் அந்தச் செலவையும் கேட்கலாம். சூட்டுத் தழும்பை ஆட்களே வேண்டுமென்று போட்டுக்கொண்டார்கள் என்ற சந்தேகம் இலங்கைத் தமிழர் கேஸ்களில் எழும்பியதுண்டு. அப்படியான ஒரு தமிழருடைய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 மார்ச்சில் மருத்துவ சாட்சியத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. எனக்கு வந்த மருத்துவர் வயதான வெள்ளைக்காரர், மொழிபெயர்ப்பாளரும் ஆண். அவசரமே இல்லாமல் கேட்டார். தண்ணீர் தந்தார், வெளியே போய் நின்றுவிட்டு வா என்றார். அன்றைக்குத்தான் அந்த மற்ற விஷயத்தை வாய் திறந்து சொன்னேன். அதுவரை என் மனைவிக்கும் தெரியாது. பிந்திச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று பயந்தேன். ஏன் பிந்தினேன் என்பதை அவர் அறிக்கையில் மருத்துவக் காரணத்தோடு எழுதினார். பிந்தினாலும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் அது கேஸில் இல்லவே இல்லை.

ஊரிலிருந்து ஆவணம் எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. புனர்வாழ்வுச் சான்றிதழ் என்னிடம் இருந்தது. என்னைக் கொண்டுபோன பிறகு மனைவி யாழ்ப்பாணத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு வீட்டில் ஒரு புத்தகத்துக்குள் கிடந்தது. அதில் 2016 ஏப்ரல் தேதி இருந்தது. மார்ச்சா ஏப்ரலா என்ற கேள்விக்கு அதைவிட வேறு பதில் தேவைப்படவில்லை. கிராம சேவகர் கடிதம், சமாதான நீதவான் கடிதம், எம்பி கடிதம் என்று அடுக்குவதைவிட அன்றைக்கே எழுதப்பட்ட இப்படி ஒரு துண்டுச் சீட்டு பெறுமதி கூடியது. ஊர்ச் சட்டத்தரணி கடிதம் தருவதென்றால் அவர் நேரடியாக இங்குள்ள உங்கள் சட்டத்தரணிக்கு அனுப்பட்டும். வந்த உறையையும் வைத்திருங்கள். காசுக்குப் பிடியாணை செய்து தருவதாகச் சொல்பவரின் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள். ஒரு போலிக் காகிதம் மாட்டினால் உண்மையான பத்துக் காகிதமும் அதோடு சேர்ந்து போய்விடும்.

விசாரணை 2020 வசந்தத்தில் வைத்திருந்தார்கள், கொரோனா வந்து தள்ளிப் போனது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பிராட்ஃபோர்டில் நடந்தது. நீதிபதி ஹோம் ஒஃபிஸைச் சேர்ந்தவர் இல்லை, சுயாதீனமானவர். ஹோம் ஒஃபிஸ் சார்பில் ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்பார். எனக்காக வாதாடிய பரிஸ்டர் விசாரணைக்கு முன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், தெரியாததற்குத் தெரியாது. விமான நிலையக் கேள்வி வந்தது. ஏஜென்சி யாருக்குக் காசு கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது, நான் நின்ற வரிசையை மட்டும்தான் எனக்குத் தெரியும் என்றேன். ஈஸ்ட்ஹாம் அண்ணை சாட்சி சொன்னார். தழும்பைப் பற்றிக் கேட்கும்போது எனக்குக் கை நடுங்கியது. நீதிபதி தானாகவே இடைவேளை கொடுத்தார். உடல், மனநிலைக் குறை இருந்தால் கேள்வி கேட்கும் முறையை மாற்றவும் இடைவேளை கொடுக்கவும் முன்கூட்டியே கோரலாம். சில வாரத்தில் தீர்ப்பு வந்தது. மேன்முறையீடு ஏற்கப்பட்டது. பஸ் நிலையத்தில் நின்று சட்டத்தரணியின் போனைக் கேட்டேன். அழுதேன். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா, என்ன ஏது என்று தெரியாமலே என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அந்தஸ்து வந்த சந்தோசத்தில் அடுத்த அடி தெரியாமல் போய்விடும். தஞ்சக் கோரிக்கையாளருக்கான வீடும் காசும் உடனே நிற்கத் தொடங்கும், எனக்குத் தந்தது இருபத்தெட்டு நாள். அதற்குள் வங்கிக் கணக்கு, யூனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை, வீடு எல்லாம் தேட வேண்டும். முடிவு வந்த அன்றே மாநகர சபைக்கு வீடில்லாமல் போகப் போகிறேன் என்று எழுத்தில் அறிவியுங்கள், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். நான் அண்ணையின் வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டு ஒரு பண்டகசாலையில் இரவு வேலை தொடங்கினேன். எனக்கு ஐந்து வருட விசா தந்தார்கள். 2025 நவம்பரில் அரசு அறிவித்த திட்டத்தில் அந்தஸ்து முப்பது மாதமாகக் குறைகிறது, நிரந்தர வதிவிடத்துக்கான காத்திருப்பும் மிக நீள்கிறது. ஆகையால் உங்கள் கேஸ் எந்தத் தேதியில் பதிவானது, எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மனைவியையும் மகனையும் குடும்ப இணைவு விண்ணப்பத்தில் எடுத்தேன், அதற்கு அப்போது கட்டணம் இல்லை. நாட்டை விட்டு வரும் முன்பே இருந்த துணையும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் அதில் வரலாம் என்று இருந்தது. ஸ்கிரீனிங்கில் குடும்ப விபரம் கேட்டபோது இருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொல்லியிருந்தது அங்கே உதவியது. 2025 செப்டெம்பரில் அந்த வழியில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தார்கள். இப்போது குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்திருப்பவர்கள் அந்தஸ்து வந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காமல், கேஸ் நடக்கும்போதே வேறு எந்த விசா வழி திறந்திருக்கிறது, அதற்கு எவ்வளவு வருமானமும் கட்டணமும் வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.